நாசி கெராபு வெளிச்சம்

சுப்ஹானுக்கு வெளிச்சத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஜொகூர் பாருவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். காலையில் பொரித்த கோழி மாலையிலும் இப்போதுதான் எண்ணெயிலிருந்து எழுந்து வந்ததுபோல் சிவந்து தெரிந்தால், அதற்குக் காரணம் கோழியில்லை, மேலே தொங்கும் மஞ்சள் விளக்கு என்று அறிந்த கலைஞர். ஆகவே கெலாங் பாத்தா வீட்டு ஹாலில் கடல்நீர்த் தொட்டி வைத்துப் பவளம் வளர்க்கத் தொடங்கியபோது, கடையிலிருந்து அதே மாதிரி விளக்கொன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்.

கோழி செத்த பிறகு விளக்கடிக்கு வருகிறது, பவளம் உயிரோடு வருகிறது. இந்தச் சின்ன வித்தியாசம் அவர் கணக்கில் இல்லை. கண்ணாடியெங்கும் பாசி செழித்தது. விரல் விரலாக நீட்டி ஆட வேண்டிய டார்ச் பவளம் மட்டும் உள்ளே சுருங்கிப் பழுப்பாகிக் கிடந்தது.

வளர்ப்பு மீன் கடைக்காரன் செல்வா போனில் படத்தைப் பார்த்தான். "அண்ணே, இது பவளமா, ரெண்டு நாள் ஆன மட்டன் துண்டா?"

"கேலிய விடு. சாவுதா, பொழைக்குமா?"

"அது உடம்புக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்குண்ணே. அதுதான் வெளிச்சத்த வச்சு சமைச்சு அதுக்குச் சோறு போடுது. நீல வெளிச்சம் இல்லன்னா சமையல்காரன் வேலைய விட்டுட்டுப் போயிடுவான்."

சமையல்காரன் போய்விடுவான் என்பது சுப்ஹானுக்கு நன்றாகப் புரிந்த மொழி. அன்றைக்கே நீலமும் ஊதாவும் கலந்த விளக்கை வாங்கி வந்தார். வாங்கியது முழு விளக்கு. அதைக் கால்வாசி எரிய விட அவர் என்ன ஏமாளியா? முழு வேகத்தில் எரிய விட்டார். பவளம் இன்னும் உள்ளே போனது.

"குழம்புல உப்ப ஒரே தடவையா கொட்டுவீங்களா?" என்றான் செல்வா. "கொறச்சு ஆரம்பிங்க, வாரா வாரம் கொஞ்சம் ஏத்துங்க. டார்ச்ச மேல வைக்காதீங்க, கீழ இறக்குங்க."

இறக்கினார், குறைத்தார். பிறகு தொட்டியின் அழகு தெரிய வேண்டுமென்று டியூப் லைட்டை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அங்கேதான் மனைவி மீரா பீவி குறுக்கே வந்தாள்.

"என்னங்க, நான் வெள்ளச் சோறுதானே ஆக்குனேன்?"

"ஆமா."

"இங்க பாருங்க, நாசி கெராபு, கிளந்தான்காரங்க நீலச் சோறு. பஸ் ஏறாமலே கிளந்தான் போயாச்சு. மீன் குழம்பு தார் ரோடு மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டு காக் ரோஸ் வந்து, ஹால்ல கராவோக்கே தொறந்திருக்கீங்களான்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இல்லன்னேன். பாவம், அவங்களுக்கு ஏமாத்தமாப் போச்சு."

தீர்ப்பையும் அவளே சொன்னாள். மகள் இக்ராவின் மாமனாரும் மாமியாரும் சனிக்கிழமை மூவாரிலிருந்து முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார்கள். இந்த வெளிச்சத்தைப் பார்த்து அவர்கள் முகம் லேசாகச் சுளித்தாலும் தொட்டி கடைக்குப் போய்விட வேண்டும்.

"கடைக்கா? எண்ணெய்ப் புகையில செத்துடும் மீரா!"

"செத்தா என்ன, உங்க மஞ்ச லைட்டுக்குக் கீழ வைங்க. புதுசாத் தெரியும்."

சனிக்கிழமை காலை டார்ச் பவளம் இரண்டு விரல்களை வெளியே நீட்டிப் பார்த்தது. சுப்ஹான் கண்ணாடியில் மூக்கு ஒட்ட நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இக்ரா பிறந்தபோதுகூட இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்பதை அவர் இக்ராவிடம் சொல்லப் போவதில்லை.

மாலையில் சம்பந்தி சயீது வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினார். கூடவே அவர் மனைவி நஸீமா. டியூப் லைட் வெளிச்சத்தில் விருந்து மரியாதையாக நடந்தது. சயீது ஓர் ஆட்டெலும்பைக் கடித்து நொறுக்கிவிட்டுச் சபையைப் பார்த்தார்.

"இந்த வயசுலயும் முப்பத்திரண்டும் என் சொந்தப் பல்லு, சம்பந்தி. எங்க பரம்பரையே அப்படி."

சுப்ஹான் பரம்பரையை மதித்துத் தலையாட்டினார். சயீது கை கழுவிவிட்டு நேராகத் தொட்டியிடம் போனார்.

"சரியாத் தெரியலியே. டியூப் லைட்ட அணைங்க லா."

சுப்ஹான் மீராவைப் பார்த்தார். தொட்டியைத் தூக்க லாரிக்குச் சொல்லியாகிவிட்டது என்பதுபோல் நின்றிருந்தாள். வேறு வழியின்றி அணைத்தார்.

ஹால் நீலமாயிற்று. சயீதின் சட்டை பெட்ரோல் நிலையப் பலகை மாதிரி ஒளிர்ந்தது. அவர் ஆனந்தமாகத் திரும்பி, "அலமாக்! என்ன அழகு!" என்று வாயைத் திறந்தார்.

பற்கள் ஊதா வெள்ளையில் மின்னின. முன்வரிசையில் மூன்றைத் தவிர. அந்த மூன்றும் விளக்குக்குக் கட்டுப்படாமல் கன்னங்கரேலென்று இருந்தன.

"டீ கொண்டாறேன்" என்று மீரா உள்ளே ஓடினாள். நஸீமாவும் பின்னாலேயே ஓடினாள். சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. நஸீமா ரகசியம் சொன்னாள். ஹாலுக்குக் கேட்கும்படியான ரகசியம்: "மூணும் மலாக்கா டாக்டர் கட்டுனது மச்சி! எனக்கே நிக்காஹ்வுக்கு அப்புறம்தான் தெரியும்!" நிச்சயதார்த்தத்திலிருந்து ஒருவரையொருவர் ‘வாங்க, இருங்க’ என்பதற்கு மேல் பேசியிராத இரண்டு பெண்கள் மூச்சு முட்டச் சிரித்தார்கள். சயீதுக்குக் கேட்கவில்லை. அவர் தொட்டியோடு செல்ஃபி எடுப்பதில், பல்லெல்லாம் தெரிய, மும்முரமாக இருந்தார்.

அவர்கள் கார் கிளம்பியதும் மீரா, கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

"என்னங்க, அந்த லைட்டு இங்கயே இருக்கட்டும்."

"சோறு நீலமாயிடுமே?"

"சோத்த டியூப் லைட்டுல தின்னுக்கலாம். ஹரி ராயாப் பெருநாளுக்கு அவங்கள திரும்பக் கூப்பிடுங்க. உங்க அண்ணன், கடை முதலாளிங்க சங்கம், ஒருத்தர் விடாம கூப்பிடுங்க."

டியூப் லைட்டை அவளே அணைத்தாள். தொட்டியின் அடியில் டார்ச் பவளம் விரல்கள் அத்தனையும் விரித்து, பச்சையும் பொன்னுமாக ஆடிக்கொண்டிருந்தது. பிழைத்துவிட்டது. மீரா நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சந்தோஷம்தானே? எங்க, கொஞ்சம் சிரிங்க பாப்போம்."

"ம்" என்றார் சுப்ஹான், உதட்டைப் பிரிக்காமல்.