ஆடுகிற பாகத்தின் கனம்

சனிக்கிழமை போட்டி. புதன்கிழமை காலை, என்ஜின் இல்லாமல் பறக்கும் கிளைடர் விமானத்தின் வால் சுக்கான் க்ளெனிஸின் மேஜைமேல் கிடந்தது. மேலே பூசியிருந்த ஜெல்கோட் என்ற தடித்த பிசின் பூச்சு வெயிலில் வெடித்து வரிவரியாகப் பிளந்திருந்தது. சனிக்கிழமை அந்தக் கிளைடரை ஓட்டப்போவது அவள் மகள் டெஸ். அதற்குள் சுக்கானுக்குப் புதிதாகப் பூசி, பறக்கலாம் என்று கையெழுத்தும் போட வேண்டியவள் க்ளெனிஸ்தான். அவர்களுடைய கிளைடர் கிளப்பில் ஃபைபர் வேலைக்கு அவளை விட்டால் ஆள் கிடையாது.

புருஷன் ரஸ் காலையிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"ஜெல்கோட்டே அடி. கம்பெனியில இருந்து அப்படித்தானே வந்துச்சு? கெட்டியா நிக்கும், தேய்ச்சா பளபளன்னு இருக்கும். உன் பெயின்ட்டு ஒரு கல்லு பட்டா உரிஞ்சுரும்."

"உரியட்டும், திரும்ப அடிச்சுக்கிறேன். ஜெல்கோட் தடிமன், கனம். இது ஆடுற பாகம், ரஸ்."

"என்ன பெரிய கனம்? மத்தியானம் நீ திங்கிற கறி பப்ஸ் அதைவிட கனம்."

"அப்ப அந்தப் பப்ஸை உன் வால்ல கட்டிக்கிட்டுப் பற."

சுக்கானின் பின்பக்கம் கனத்தால், வேகமாகப் போகும்போது அது தானாகவே வெடவெடக்கும். ஆரம்பித்தால் வாலைப் பிய்த்துவிட்டுத்தான் நிற்கும். அதனால் உப்புத்தாளைத் தொடும் முன் எடை பார்ப்பது க்ளெனிஸின் வழக்கம். ரஸ் சலித்துக்கொள்ள, தராசில் தூக்கி வைத்தாள். கையேட்டின்படி நாலு கிலோ நூறு கிராமைத் தாண்டக்கூடாது. தராசு நாலு கிலோ நானூற்றெண்பது காட்டியது.

தராசுதான் கெட்டுவிட்டது என்றான் ரஸ். அவள் ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துக் காட்டினாள். தராசு சரியாகத்தான் இருந்தது.

தேய்க்கத் தேய்க்க விஷயம் வெளியே வந்தது. வெள்ளை, அடியில் சாம்பல் கோடு, அதற்கும் அடியில் மறுபடி வெள்ளை. மூன்று வருஷத்துக்கு முன் இதை விற்றவனோ அவனுக்கு முன்னாலிருந்தவனோ, பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ஜெல்கோட்டை அடித்திருக்கிறான். சோம்பேறிப் பயல்!

"போன மாசம் வேகமா இறங்குறப்ப சுக்கானைத் திருப்புற மிதிகட்டை நடுங்குச்சுன்னியே?" என்றாள்.

"காத்து சரியில்லைன்னு நெனச்சேன்."

"காத்தா?"

ரஸ் பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்தான். பிறகு எழுந்து வந்து, உப்புத்தாளை எடுத்து மறுபக்கத்தைத் தேய்க்க ஆரம்பித்தான்.

ஃபைபர் தெரியும்வரை தேய்த்து, மெல்லிசாகப் பெயின்ட் அடித்து, வெள்ளிக்கிழமை தராசில் வைத்தார்கள். மூன்று கிலோ தொள்ளாயிரத்து நாற்பது. க்ளெனிஸ் பேனாவை எடுத்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை கிளைடரைச் சுற்றிவந்த டெஸ் வாலருகே நின்றாள். "என்னம்மா, இந்த வெள்ளை மத்ததோட ஒட்டவே இல்லையே? பளபளப்பும் இல்லை. அசிங்கமா இருக்கு."

"அதான் அழகு, வாயை மூடிக்கிட்டு ஏறு," என்றான் ரஸ்.

க்ளெனிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் கோதுமை வயலைத் தாண்டி டெஸ் வந்திறங்கியதும் ரஸ்தான் முதலில் ஓடினான். எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை.

"வேகமா வந்தியே, மிதிகட்டை நடுங்குச்சா?"

"இல்லையேப்பா. ஏன்?"

"சும்மாதான்," என்று சொல்லிவிட்டு அவன் வால் பக்கம் திரும்பிக்கொண்டான். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். க்ளெனிஸ் மகளைக் கூப்பிட்டு, அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டாள்.