மிளகு தூக்கலான ஹாட்டிஷ்

ஹால்ஸ்டெனில் எதை நீட்டினாலும் முதல் தடவையே யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். காப்பி குடிக்கிறீர்களா என்றால், வேண்டாம் என்பார்கள். அரைக் கோப்பையாவது என்றால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். போட்டது ஆறிப்போகிறதே என்று மூன்றாவது முறையும் சொன்னால், அப்படியானால் சரி என்று உட்கார்ந்து வயிறு முட்டக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மேற்குக் கோடியில், சர்க்கரை பீட்ரூட் வயல்களுக்கு நடுவே கிடக்கிற எங்கள் சிற்றூரில் குழந்தைகள் பேசப் பழகும்போதே இதையும் பழகிவிடும். எடுத்த எடுப்பில் சரி சொல்கிறவனை, பாவம், வீட்டில் சாப்பாடு போடவில்லை போலிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

ஆகவே ஆகஸ்ட் மாதத்தில் ஆர்டிஸ் செய்த காரியத்துக்கு அவளை மட்டும் திட்டிப் பயனில்லை. ஊரே அவளை அப்படித்தான் வளர்த்திருந்தது.

ஆர்டிஸ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. ஆனால் பஸ்ஸில் ஏறுகிற அத்தனை வாண்டுகளையும் மிரட்டவும் கொஞ்சவும் அவளுக்கு உரிமை இருந்தது. அவள் செய்கிற ஹாட்டிஷுக்கு ஊரில் தனி மதிப்பு. செய்முறை என்னவோ எல்லா வீட்டிலும் ஒன்றுதான். கொத்திய மாட்டிறைச்சியை வெங்காயத்தோடு வதக்கி, பீன்ஸும் டப்பாக் காளான் சூப்பும் கலந்து, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி ஓவனில் வைக்க வேண்டியது. ஆர்டிஸ் வைத்தால் மட்டும் மேல்பக்கம் மொறுமொறுவென்றும் உள்ளே குழைவாகவும் வரும். எப்படி என்று கேட்டால், என்னமோ வந்துவிடுகிறது என்பாள்.

அந்த ஹாட்டிஷை வாரத்தில் ஒருநாள் வந்து சாப்பிட்டுப் போகிறவர் ஓரின் ஹாகன். பீட்ரூட் விவசாயி, ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளாதவர், பேச்சு என்றால் மழை வருமா வராதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர். முதலில் ஆர்டிஸ் வீட்டுக் கூரையில் ஒழுக்கு அடைக்க வந்தார். கூரை ஒழுகுவது நின்று போனபிறகும் அவர் வருவது நிற்கவில்லை. வாசல் படியில் கால் தட்டும் சத்தம் கேட்டாலே ஆர்டிஸுக்கு முகம் மலர்ந்துவிடும். அதை மறைக்க அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஆகஸ்டில் ஒரு மாலை, சாப்பிட்டு முடித்து, மீந்த ஹாட்டிஷைப் பாத்திரத்தோடு அவர் கையில் கொடுத்து, வழியனுப்ப அவரது பிக்கப் வண்டிவரை போனாள். ஊரில் விடைபெறுவது லேசுப்பட்ட வேலை இல்லை. சாப்பாட்டு மேசையில் ஒருமுறை, கதவடியில் ஒருமுறை, வண்டி ஜன்னலில் சாய்ந்துகொண்டு ஒருமுறை என்று இழுத்துக்கொண்டே போகும். அன்று வண்டியில் ஏறுவதற்கு முன்பே ஓரின் தொப்பியைக் கழற்றினார்.

"யோசிச்சுப் பாத்தேன்," என்றார். "நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்னன்னு."

ஆர்டிஸின் நெஞ்சு துள்ளியது. ஆனால் வாய் இருக்கிறதே, அது ஐம்பது வருடப் பழக்கத்தில் தானாகவே திறந்துகொண்டது.

"அதெல்லாம் எதுக்குங்க," என்றாள். "உங்களுக்குச் சிரமம்."

சொல்லிவிட்டு, அடுத்த தடவை கேட்பதற்காகக் காத்திருந்தாள். ஓரின் தொப்பியைப் பார்த்தார். சரிங்க என்றார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஏறி வண்டியைக் கிளப்பி, ஜன்னலில் சாயக்கூட இடம் கொடுக்காமல் போய்விட்டார். ஆர்டிஸ் புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்றாள்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பாத்திரமும் வரவில்லை. சர்ச் சமையல்கட்டில் எப்போதும் அவளோடு நிற்கிற சிநேகிதி வெர்னாவிடம் கடைசியில் விஷயத்தைச் சொன்னாள். வெர்னா ஊர்க்காரி என்றாலும் அவளுக்கு ஊர்க் குணம் கிடையாது, மனதில் பட்டதைப் போட்டு உடைத்துவிடுவாள்.

"ஏண்டி, ஒரு மனுஷன் வாயத் தொறந்து கல்யாணம் கேக்கறாரு. காப்பி வேண்டாங்கற மாதிரியா வேண்டாங்கறது?"

"இன்னொரு தடவ கேப்பாருன்னு நெனச்சேன்டி."

வெர்னா தலையில் அடித்துக்கொண்டாள். ஆர்டிஸும் விடவில்லை. ஒரு கோப்பை காப்பிக்கே மூன்று தடவை கேட்கிறவர்கள், ஆயுள் முழுக்க கூடவே இருக்கச் சொல்லிக் கேட்பதை ஒரே தடவையோடு விடலாமா என்று நியாயம் கேட்டாள். அப்படியானால் நீயே போய்க் கேள் என்றாள் வெர்னா. ஆர்டிஸால் அது முடியவில்லை. அவர் மனசு மாறிப்போயிருந்தால் என்ன செய்வது? முன்னே ஏதோ தோன்றிக் கேட்டுவிட்டு, வேண்டாம் என்றதும் தப்பித்தோம் என்று வீடு போய்ச் சேர்ந்தவராக இருந்தால்?

அந்தச் சந்தேகத்துக்குத் தூபம் போடுகிற மாதிரி அக்டோபரில் ஒரு செய்தி வந்தது. ஓரின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டாராம். அறுவடை முடிந்ததும் அரிசோனாவில் இருக்கிற தம்பி வீட்டுக்குப் போகிறாராம். சர்ச்சின் இலையுதிர்கால விருந்து சனிக்கிழமை என்றால், திங்கட்கிழமை அவருக்குப் பயணம். குளிருக்கு மட்டுமா, ஒரேயடியாகவா என்பது யாருக்கும் தெரியவில்லை. அன்று பிள்ளைகளை எல்லாம் இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கொட்டகையில் நிறுத்தி, ஆர்டிஸ் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதாள். அவரை அவ்வளவு பிடித்திருந்தது. அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சனிக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஊரே கூடியிருந்தது. இறைச்சி உருண்டைகள், பன்றித்தொடை, பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, வெண்ணெய் தடவிச் சர்க்கரை தூவிச் சுருட்டிய மெல்லிய லெஃப்சா ரொட்டி, கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி எல்லாம் வரிசை கட்டி நின்றன. அந்த ஜெல்லியை ஊரில் சாலட் என்பார்கள். யாரும் மறுத்துப் பேசியது கிடையாது. சமையல்கட்டின் பரிமாறும் திறப்பில் வெர்னா கரண்டியோடும், ஆர்டிஸ் காப்பிக் கூஜாவோடும் நின்றார்கள்.

ஓரின் வந்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டுப் போட்டிருந்தார். கையில் அலுமினியத் தாள் மூடிய கண்ணாடிப் பாத்திரம். அதை ஆர்டிஸின் முன்னே வைத்தார். பக்கவாட்டில் ஒட்டுத்தாளில் அவள் எழுதி ஒட்டியிருந்த பெயர் கொஞ்சமும் அழியாமல் இருந்தது. பெயர் நனையக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கழுவியிருக்கிறார்.

தாளை நீக்கினாள். உள்ளே ஹாட்டிஷ். உருளைக்கிழங்கு உருண்டைகள் அவர் வயலில் பீட்ரூட் நடுவது மாதிரி நூல் பிடித்தாற்போல் வரிசையாக இருந்தன. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. ஆனால் ஓரின் பாக்கெட் பிஸ்கட்டு ஒன்றைப் போட்டுக் கொண்டுவந்திருக்கலாம், யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். முட்டைகூட வேகவைக்கத் தெரியாத மனிதர் ஹாட்டிஷ் செய்து கொண்டுவந்திருந்தார்.

விஷயம் தெரிந்து வரிசை நீண்டது. ஓரின் சமைத்ததாமே என்று ஆளாளுக்கு ஒரு துண்டு வாங்கிக்கொண்டார்கள். அதில் மிளகு கொஞ்சம் தூக்கல். உப்பையே யோசித்துப் போடுகிற ஊர் எங்கள் ஊர். பாதிரியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நன்றாக இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வித்தியாசமாக இருக்கிறதே என்றார்கள். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு சாப்பாட்டைத் திட்ட முடியாது. ஆனாலும் தீர்த்துவிட்டார்கள். பாத்திரத்தில் ஒரே ஒரு துண்டு மிஞ்சியது. கடைசித் துண்டை எடுக்கிற துணிச்சல் யாருக்கும் கிடையாது. ஒருவர் வந்து அதைப் பாதியாக வெட்டி எடுத்துப் போனார், இன்னொருவர் வந்து அந்தப் பாதியைப் பாதியாக்கினார். தீப்பெட்டி அளவுக்கு வந்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது.

"அப்ப நான் வரேங்க," என்றார் ஓரின்.

ஒரு வாய் காப்பி என்றாள் ஆர்டிஸ். வேண்டாங்க என்றார். அரைக் கோப்பை என்றாள். உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்றார். கூஜாவில் அப்படியே இருக்கிறது, கீழேதான் கொட்ட வேண்டும் என்றாள். அப்படீன்னா சரி என்று திறப்பின் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பியைக் கோப்பையின் விளிம்புவரை ஊற்றினாள். திங்கட்கிழமை போய்விடுவார். இந்தக் கோப்பை காலியாவதற்குள் பேசாவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை. போனால் போகட்டும் மானம் என்று வாயைத் திறந்துவிட்டாள்.

"நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். பஸ் ஓட்டுகிறவள் குரல், கடைசி சீட்டுவரை கேட்டுப் பழகிய குரல். கீழ்த்தளத்தில் முள்கரண்டிச் சத்தம் நின்றது. ஓரினின் காது மடல் பீட்ரூட்டாய்ச் சிவந்தது.

"அதெல்லாம் எதுக்குங்க," என்றார். "உங்களுக்குச் சிரமம்."

அவள் சொன்ன அதே வார்த்தை. ஆர்டிஸுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இது ஊர் வழக்கமா, நிஜமா? முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகஸ்டில் தொப்பியைப் பார்த்தபடி நின்றாரே, அப்போது அவருக்கும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. பேசாமல் சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது. போகவில்லை. காப்பிக் கூஜாவைக் கீழே வைத்தாள்.

"சிரமம் ஒண்ணும் இல்லீங்க."

"உங்களுக்கு பஸ் வேல வேற இருக்கு."

வெர்னா கரண்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பாதிரியார் மிளகுக் கண்ணீரைத் துடைக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

"நாலு மணிக்கு மேல சும்மாதாங்க இருக்கேன்."

ஓரின் காப்பியை ஒரு வாய் குடித்தார். நிதானமாகக் கோப்பையை வைத்தார்.

"நீங்க எப்படியும் பண்ணிக்கிறதா இருந்தீங்கன்னா," என்றார், "சரிங்க."

கீழ்த்தளம் முழுக்க மூச்சு விட்டது. யாரும் கை தட்டவில்லை, எங்கள் ஊரில் அதெல்லாம் கிடையாது. ஆனால் எல்லோரும் திடீரென்று மழையைப் பற்றி மிகச் சத்தமாகப் பேச ஆரம்பித்தார்கள். வெர்னா மட்டும் குழம்புக் கரண்டியும் கையுமாக வாய்விட்டு அழுதாள்.

ஆர்டிஸ் திறப்பைச் சுற்றி வெளியே வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆகஸ்டிலேயே இன்னொரு தடவை கேட்டிருந்தால் குடியா முழுகிப்போயிருக்கும் என்று கேட்டாள்.

"கேக்கத்தாங்க இருந்தேன். பாத்திரத்தத் திருப்பிக் குடுக்க வர்றப்ப கேக்கலாம்னு. வெறும் பாத்திரத்தோட வந்து எப்படிங்க கல்யாணம் கேக்கறது?"

வாரா வாரம் செய்து பார்த்தாராம். முதலில் கருகியதாம், அப்புறம் வேகவில்லையாம். அதற்கப்புறம் செய்ததை நாய் மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டதாம். இனி நமக்கு இது ஆகாது என்று நொந்துபோய்த்தான் தம்பிக்குப் போன் செய்திருக்கிறார். இந்த வாரம் பார்த்தால், ஹாட்டிஷ் ஹாட்டிஷ் மாதிரியே வந்துவிட்டது. அதனால்தான் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னிக்கு வரேன்னு சொல்றப்பக் கேக்கலாம்னு வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க காப்பி ஊத்திட்டீங்க."

"அப்படி இருந்தவரு, நான் கேட்டதும் ஏங்க வேண்டான்னீங்க?"

ஓரின் அவளை ஆச்சரியமாகப் பார்த்தார். "மொத தடவதானேங்க கேட்டீங்க."

ஆர்டிஸ் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ஊர் பார்த்ததில்லை. அரிசோனாவுக்கு ஒரு டிக்கெட் போதாது, இரண்டாக எடுங்கள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் போய்விட்டு வரலாம் என்றாள். குத்தகைக்காரனிடம் பேசிக்கொள்ளலாம் என்றார் ஓரின். அப்புறம் எட்டி அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை இழுத்து, தீப்பெட்டி அளவுத் துண்டை அவள் பக்கம் தள்ளினார்.

"கடைசித் துண்டு. உங்களுக்கு வேணுங்களா?"

மழைப் பேச்சு மறுபடியும் நின்றது. வேண்டாம் என்பாள், அவர் இன்னொரு தடவை சொல்வார், பிறகு அதைப் பாதியாக வெட்டுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"குடுங்க," என்றாள் ஆர்டிஸ்.

முதல் தடவையிலேயே. வெட்டவும் இல்லை. முழுத் துண்டையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மிளகு மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டே மென்று, விழுங்கி, நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஹால்ஸ்டெனில் கல்யாணத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை, இதைப் பற்றித்தான் பேசினார்கள்.