நெரியாவின் விதைக்குடுவை

எங்க தோட்டத்துல மருந்து அடிக்கிறது கிடையாது. அசுவினி வந்தா அடுப்புச் சாம்பல், புழு வந்தா மிளகாத் தண்ணி. அவ்வளவுதான். யாலா சந்தையில எங்க காராமணிக் கீரைக்குத் தனி மவுசு. அந்தப் பேரை வாங்கினது நானில்ல, என் சக்களத்தி நெரியா. நான் சாம்பலை மேலாகத் தூவிட்டுப் போயிருவேன். அவ ஒவ்வொரு இலையா தூக்கி, அடியில ஒளிஞ்சிருக்கிற அசுவினி மேல போடுவா. "அபொண்டி, அதுங்க என்ன உன்னை மாதிரி மேல உக்காந்து ஊரையா வேடிக்கை பாக்கும்?"னு கேலி வேற.

நான் செஞ்சதைச் சொல்லிடறேன். எங்க லுவோ இனத்துல மூத்த பொண்டாட்டி விதைக்காம இளையவ விதைக்கக் கூடாது. விதைச்சா மூத்தவ உசுருக்கு ஆகாது. மார்ச் மாசம் மூத்தவ நெரியா ஆஸ்பத்திரியில கெடந்தா, அப்பத்தான் மழை பிடிச்சுக்கிச்சு. "அக்கா, உன் குடுவையிலேர்ந்து ஒரு பிடி உன் பேருல போடட்டுமா?"னு ஒரு போன் போட்டிருந்தா முறை தீர்ந்துபோயிருக்கும். போன் கையிலதான் இருந்துச்சு. எனக்குத்தான் வீம்பு. பதினெட்டு வருசம் அவ பின்னாலயே விதைச்சது போதும்னு, கேக்காம கொள்ளாம என் விதையை என் பாத்தியில போட்டேன். பதினஞ்சாம் நாள் அவளைப் பொணமா கொண்டாந்தாங்க.

யாரும் நேரா ஒரு வார்த்தை சொல்லல. பக்கத்து வீட்டு சைப்ரோஸ் மட்டும் கீரை வாங்க வந்தவ, "உன் கீரை ரொம்பத்தான் முந்திக்கிட்டு வந்திருக்கு"ன்னா. நாசமாப் போறவ! அவ கூடையிலேர்ந்து கீரைக்கட்டைத் திரும்பப் பிடுங்கிக்கிட்டேன். ஆனா அன்னையிலேர்ந்து எனக்கு ஒரே கேள்விதான். அவளைக் கொன்னது நானா?

அப்புறம்தான் அது ஆரம்பிச்சுது. தண்டெல்லாம் அசுவினி அப்பிக் கறுத்துப் போயிருந்துச்சு. எனக்கு எதுலயும் மனசில்ல, போய்த் தொலையட்டும்னு விட்டுட்டேன். மறுநாள் காலையில பாத்தா, ஒவ்வொரு இலைக்கு அடியிலயும் சாம்பல். என் சாம்பல் சட்டி மூடுனபடி இருக்கு. வீட்டுக்காரர் ஒகுட்டு, குனிஞ்சு செருப்பை எடுக்கக்கூட முடியாத மனுசன். இப்படி இலைக்கு அடியில போடறவ நெரியா ஒருத்திதான். அதுக்கப்புறம் அசுவினி வரும்போதெல்லாம் இதே கதை.

ஒரு நாள் தாங்கமாட்டாம அவ சமாதிக்கிட்ட போய்க் கத்திட்டேன். "எதுக்குடி வர்ற? திட்டணும்னா திட்டிட்டுப் போ! என் பாத்தியைப் பாக்கச் சொல்லி உங்கிட்ட யாரு அழுதா?"

ஒகுட்டு தடியை ஊன்றிக்கிட்டு வந்தார். நான் பொறந்த ஊர் அலேகோவை வச்சுத்தான் என்னைக் கூப்பிடுவார். "ஏய் அலேகோக்காரி, செத்தவகூடயும் சண்டையா உனக்கு?"

நான் அழுதுட்டேன். முந்தி விதைச்சதைச் சொன்னேன். அவர் தடி நுனியால மண்ணைக் கீறினார்.

"அட பைத்தியமே. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புன அன்னைக்கே அவ தன் குடுவையிலேர்ந்து ஒரு பிடி போட்டுட்டுத்தான் வண்டி ஏறினா. நான் பாத்தேன். அவதான் முந்தி."

"நெசமாவா?"

"நான் எதுக்கு உங்கிட்ட பொய் சொல்லப்போறேன்?"

அன்னைக்குத்தான் களி தொண்டையில இறங்குச்சு. அதுக்கப்புறம் சாம்பலைப் பாத்தா பயமில்ல. "வந்துட்டுப் போனியாக்கா?"னு கேட்டுட்டு வேலையைப் பாப்பேன்.

ஆகஸ்டு கடைசியில அடுத்த மழைக்கு வானம் மூடுச்சு. என் காராமணி விதையில வண்டு விழுந்து பாதி பொடியாக் கெடந்துச்சு. விதையில சாம்பல் கலக்கச் சோம்பல்பட்டதுக்குத் தண்டனை. சரி, அக்காவோடதை எடுப்போம்னு அவ வீட்டைத் திறந்து பரண்லேர்ந்து குடுவையை இறக்கினேன்.

வாய் மூடியிருந்துச்சு. போன வருச அறுப்பு முடிஞ்சதும் அவ பூசின சாணி, கல்லாக் காஞ்சு, அவ விரல் தடத்தோட அப்படியே இருந்துச்சு. ஒரு கீறல் இல்ல. கத்தியால நெம்பித் திறந்தேன். விதையும் சாம்பலுமா கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருந்துச்சு. ஒரு பிடிகூட எடுக்கல.

அப்போ முந்தினது நான்தான்.

"அலேகோக்காரி! அந்தக் குடுவையில எவ்வளவு இருக்கு?" வெளியிலேர்ந்து ஒகுட்டு குரல். அதுல பயம் இருந்துச்சு.

எழுந்து வெளிய வந்தேன். அவர் நாற்காலி நுனியில உக்காந்திருந்தார். பாவம், எனக்காக ஒரு பொய் சொல்லிட்டு இத்தனை நாளா அதைச் சுமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கார்.

"கொறஞ்சிருக்கு. நீங்க சொன்னாப்புல போட்டுட்டுத்தான் போயிருக்கா"ன்னேன்.

"நான்தான் சொன்னேனே"ன்னார். என் முகத்தைப் பாக்கல. நானும் அவரைப் பாக்கல.

ஒரு பிடி அள்ளிக்கிட்டு நெரியாவோட பாத்திக்குப் போனேன். மழை பெருந்துளியா விழ ஆரம்பிச்சுது. "அக்கா, உன் பேருல போடட்டுமா?"னு சத்தமாக் கேட்டேன். விதை கைக்குள்ள நனைஞ்சு ஊற ஆரம்பிச்சுடுச்சு. அவ சரின்னு சொல்லட்டும்னு நின்னுக்கிட்டே இருக்கேன்.