பேருக்கு நின்றவள்

நகர மண்டபத்தில் தேர்தல் அதிகாரி கையிலிருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துத் தணிந்த குரலில் வாசித்தார். சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று ஹேசல் துவெய்ட்டுக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஹார்கிரீவ்ஸ், எழுநூத்தி ஒண்ணு. துவெய்ட், எழுநூத்தி நாலு. இது இன்னும் அறிவிப்பு இல்ல. ரெண்டு தரப்பும் என்ன சொல்றீங்க?"

பக்கத்தில் நின்ற பெரில் அவள் முழங்கையை நகம் பதியப் பிடித்தாள். "மூணு! மூணுடி ஹேசல்!"

ஜெயிப்பதற்காகவா ஹேசல் தேர்தலில் நின்றாள்?

ராவன்பெக் நகர மன்றத்தில் டானரி வார்டு என்றால் கிளிஃபோர்டு ஹார்கிரீவ்ஸ்தான். இருபது வருடத்துக்கும் மேலாக அந்த நாற்காலி அவருடையது. போன தடவை பெரில் எதிர்த்து நின்று, முகத்தை வெளியே காட்ட முடியாதபடி தோற்றாள். இந்த வசந்தத்தில் நீச்சல் குளத்தை இழுத்து மூடும் தீர்மானத்துக்கு ஹார்கிரீவ்ஸ் கை தூக்கியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. என் மூஞ்சி ஊருக்கு அலுத்துப்போச்சு, வேறு ஒரு மூஞ்சி வேண்டும் என்று குடியிருப்போர் சங்கத்தில் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் கைவிரித்தபிறகு ஹேசல் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வந்தாள்.

"சும்மா பேருக்குத்தான். நீ வீட்டை விட்டு இறங்க வேண்டாம். அந்த ஆளு போட்டியே இல்லாம ஜெயிச்சுடக் கூடாது, அவ்வளவுதான்."

பெரிலிடம் முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லாததால் ஹேசல் கையெழுத்துப் போட்டாள். முட்டி வலியோடு பெரில்தான் தெருத் தெருவாக ஏறி இறங்கினாள். ஹேசல் கடையில் உட்கார்ந்து கண்ணாடிச் சட்டங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் ஓட்டுச் சீட்டை விரித்தபோது, தன் பெயரையே அச்சில் பார்த்து அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. பென்சிலை எடுத்தாள். ஹார்கிரீவ்ஸ் பெயருக்கு நேராகப் பெருக்கல் குறி போட்டு, மடித்துப் பெட்டியில் போட்டாள். ஓடை உடைத்துக்கொண்டு வந்த வருடம் அவள் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றைக்கு ரப்பர் பூட்ஸோடு வீட்டுக்குள் இறங்கி, ஊறிப்போன கம்பளத்தைத் தோளில் சுமந்து வெளியே போட்டவர் ஹார்கிரீவ்ஸ். அந்த மனுஷனுக்கு எதிராகத் தன் கையாலேயே குறி போட மனம் வரவில்லை. எப்படியும் அவர்தானே ஜெயிக்கப் போகிறார் என்றும் நினைத்தாள்.

"மறுபடி எண்ணணும்," என்று ஹார்கிரீவ்ஸின் ஏஜெண்ட் சொன்னார். அதிகாரி தலையசைத்தார். எண்ணுகிறவர்கள் கட்டுகளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். ஹேசலால் அங்கே நிற்க முடியவில்லை. தாழ்வாரத்துக்குப் போய்த் தேநீர் இயந்திரத்தின் முன்னால் நின்றாள்.

பின்னாலேயே ஹார்கிரீவ்ஸ் வந்தார். முகம் வெளிறியிருந்தது, ஆனாலும் சிரித்தார்.

"என்னம்மா ஹேசல், நல்லா மாட்டிக்கிட்டியே."

"நானே இதை எதிர்பார்க்கல, மிஸ்டர் ஹார்கிரீவ்ஸ்."

"தெரியும். பெரில் உன்னைப் பிடிச்சு நிறுத்தியிருக்கா. கூட்டத்துல நாலு வார்த்தை பேசுன்னாலே உனக்குக் காய்ச்சல் வந்துடும். பயப்படாதே, இதுக்கும் வழி இருக்கு. ஒருவேளை நீ ஜெயிச்சுட்டேன்னு வை, திங்கட்கிழமையே விலகறேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடு. இடைத்தேர்தல் வைப்பாங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"ஓட்டுப் போட்டவங்க?"

"அவங்க குளத்துக்குப் போட்டாங்கம்மா. உனக்கா போட்டாங்க?" அவர் குரலில் கொஞ்சமும் கோபம் இல்லை. கடையில் குழந்தைக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்கிறவர் பேசுவதுபோல் இதமாகப் பேசினார். "தண்ணி வந்த அன்னிக்கு உன் வீட்டுக்கு வந்து நின்னேன். நான் சொல்லிக் காட்டறதா நினைக்காதே."

சொல்லித்தான் காட்டினார். அவர் போன பிறகும் ஹேசல் தேநீர்க் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். எழுநூற்றுச் சொச்சம் பேர் மழையில் குடை பிடித்துப் போய்ப் போட்ட ஓட்டு அது. அதைத் திங்கட்கிழமை இரண்டு வரியில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்கிறார். தன்னைப் பார்த்தால் அப்படிச் செய்யக்கூடியவளாகத்தான் தெரிகிறது போலும். காலையில் கேட்டிருந்தால் அவளும் சரி என்றே சொல்லியிருப்பாள். அந்த நினைப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

கோப்பையை அப்படியே வைத்துவிட்டு மண்டபத்துக்குள் போனாள். இந்தத் தடவை பெரிலின் பின்னால் ஒதுங்காமல் மேஜையை ஒட்டி நின்றாள். எதிரே ஒரு பெண் சீட்டுகளைப் புரட்டினாள். ஒவ்வொரு குறியாக ஹேசல் பார்த்தாள். சிலது அழுத்தம், சிலது நடுக்கம். செல்லாத சீட்டு ஒன்றில் யாரோ "ரெண்டு கழுதையும் வேணாம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

"என்னடி, திடீர்னு கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கறே?" என்றாள் பெரில்.

"ஜெயிச்சா நல்லாருக்கும்னு தோணுது."

பெரில் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் எண்ணிக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. ஹேசலின் சீட்டுக் கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளை உருவினாள். மேற்பார்வையாளரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இரண்டிலும் குறி ஹார்கிரீவ்ஸுக்கு நேராக இருந்தது. தவறுதலாகக் கலந்துவிட்டிருக்கிறது.

சீட்டுகள் மேஜையின் அந்தப் பக்கத்துக்குப் போனதுமே ஹேசலுக்குக் கணக்குத் தெரிந்துவிட்டது. அதிகாரி வாசிக்கும்வரை அவள் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை.

"ஹார்கிரீவ்ஸ், எழுநூத்தி மூணு. துவெய்ட், எழுநூத்தி ரெண்டு."

ஒரே ஒரு ஓட்டு. நேற்று அந்தப் பென்சிலை ஒரு விரற்கடை கீழே இறக்கியிருந்தால் இந்த எண்கள் அப்படியே இடம் மாறியிருக்கும். அவர் எழுநூற்று இரண்டு. தான் எழுநூற்று மூன்று.

"ஏற்கெனவே ரெண்டு தடவை எண்ணியாச்சு," என்றார் ஹார்கிரீவ்ஸின் ஏஜெண்ட். "போதும், அறிவிச்சுடுங்க."

"இன்னொரு தடவை எண்ணுங்க." குரல் யாருடையது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹேசல் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். "நான் வேட்பாளர். கேட்கிறேன். எண்ணுங்க."

ஹார்கிரீவ்ஸ் அவளையே பார்த்தார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

மூன்றாவது எண்ணிக்கையின்போது மண்டபத்தில் மற்ற வார்டுகளின் வேலையெல்லாம் முடிந்திருந்தது. ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் வீட்டுக்குப் போகாமல் டானரி மேஜையைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். சீட்டுகள் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பெரில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள்; கடவுள் நம்பிக்கை இல்லாதவள் யாரிடம் வேண்டினாளோ. ஹேசல் கண்ணை எடுக்கவே இல்லை. ஹார்கிரீவ்ஸின் கட்டுகளில் எங்கோ தன் கைக்குறியும் புரண்டு போகிறது. எது என்று தெரியாது. தெரிந்தாலும் கை நீட்டி எடுக்க முடியாது.

கடைசிக் கட்டிலும் எதுவும் மாறவில்லை.

ஹார்கிரீவ்ஸ் மேடையேறி நன்றி சொன்னார். கைதட்டல் அடங்கிய பிறகு அவளிடம் வந்து கையை நீட்டினார். "நல்லாப் போராடின, ஹேசல்."

"நான் போராடல. பெரில் போராடினா," என்றாள். கையைக் குலுக்கினாள்.

நகர மண்டபத்துக்குப் பின்னால் பெரிலின் கார் நின்றிருந்தது. பெரில் சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. "ஒண்ணுடி. ஒரே ஒண்ணு. அந்த மில் தெருவுல இன்னும் ஒரு கதவைத் தட்டியிருந்தா... மழைன்னு திரும்பிட்டேன். என் தப்புதான்."

அதைக் கேட்ட பிறகு ஹேசலால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"உன் தப்பு இல்ல. நான் அவருக்குத்தான் போட்டேன்."

"என்ன போட்டே?"

"ஓட்டு."

பெரில் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தாள். அவளும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"இறங்கு," என்றாள்.

"பெரில்..."

"முட்டி தேய நடந்தேன்டி நான். இறங்கு."

ஹேசல் இறங்கினாள். கார் போன பிறகு பஸ் நிறுத்தம்வரை நடந்தாள்.

அந்தக் கோடை முழுக்க பெரில் பேசவில்லை. கடைத்தெருவில் எதிர்ப்பட்டால் அடுத்த பக்கத்துக்குக் கடந்து போனாள். ஜூலையில் குளத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். ஹேசல் நகர மன்றக் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினாள். பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்து, முதல் மாதம் வாயே திறக்கவில்லை. இரண்டாவது மாதம் எழுந்து நின்று, பூட்டிய கட்டடத்துக்குக் காவல் போட ஆகும் செலவு என்ன என்று கேட்டாள். ஹார்கிரீவ்ஸ் தலை குனிந்து காகிதம் புரட்டினார்.

செப்டம்பரில் பக்கத்து வார்டு கவுன்சிலர் தன் மகளோடு போய் இருக்கப்போகிறேன் என்று ஸ்பெயினுக்குக் கிளம்பிவிட, அங்கே இடைத்தேர்தல் வந்தது. ஹேசல் பெரிலின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பெரில் பாதிக் கதவைத்தான் திறந்தாள். "என்ன வேணும்?"

"நான் நிக்கறேன். பேருக்கு இல்ல."

பெரில் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அந்த வார்டுல உனக்கு ஓட்டு இருக்கா?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு." கதவை முழுசாகத் திறந்தாள். "ஆனா இந்தத் தடவை படியேறப் போறது நீ. நான் கார்லயே உட்கார்ந்திருப்பேன்."

சனிக்கிழமை தூறல் விடவே இல்லை. முதல் வீட்டு மணியை அழுத்தியதும் உள்ளே நாய் குரைத்தது. செருப்பு மாட்டாத காலோடு ஒருவர் கதவைத் திறந்து, அவள் கையிலிருந்த துண்டுப் பிரசுரத்தை எரிச்சலோடு பார்த்தார்.

"எதுவும் வாங்கறதா இல்ல."

"நான் எதுவும் விக்க வரல. என் பேரு ஹேசல் துவெய்ட். உங்க ஓட்டைக் கேட்டு வந்திருக்கேன்."

"உனக்கு எதுக்குப் போடணும்?"

ஹேசல் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.