மலிவான குளிர்

என் உயிர்மேல் ஆணை, இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

அப்பாவைக் கிடத்தியிருந்த வாடகைக் குளிர்ப்பெட்டி நின்றுபோயிருந்தது. மகள் தரையில் குப்புறப் படுத்து அதன் அடித்தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். குளிர்சாதன மெக்கானிக். அழுவதற்கு முன் ஸ்பேனர் தேட வேண்டிய பிழைப்பு.

தலைக்கு மேலே பேச்சு ஓடியது. செத்தவரைப் பற்றியல்ல, அவளுடைய கருமுட்டைகளைப் பற்றி.

வயது முப்பத்தாறு. கல்யாணம் அமையவில்லை. முட்டைகளை எடுத்து உறையவைத்துவிட்டால் பிள்ளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று இரண்டு ஆஸ்பத்திரிகளில் விசாரித்திருந்தாள். ஒன்று பாதி விலை. மற்றதன் விலையைக் கேட்டாலே தலை சுற்றும், வருடா வருடம் வாடகை வேறு. எங்கே வைத்தாலும் குழந்தைக்கு உத்தரவாதம் கிடையாதென்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். திங்கட்கிழமைக்குள் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். போன வாரம் அப்பாவைக் கேட்டாள். செய்தித்தாளிலிருந்து கண்ணெடுக்காமல், "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றார்.

"அப்பன் கெடக்கறான் பெட்டியில," என்றார் சித்தப்பா. "இவளுக்கு முட்டையைப் பெட்டியில வைக்கணுமாம். குடும்ப மானம் என்னத்துக்கு ஆகும்?"

அவர் 'குடும்ப மானம்' என்ற ஒவ்வொரு தடவையும் பெட்டியின் வெப்பமானி முள் ஒரு கோடு மேலே ஏறியது. அறையிலிருந்த அத்தனை பேரும் சாட்சி. ஒருவரை மட்டும் கேட்க முடியாது. நான்காவது மானத்துக்குக் கண்ணாடி வேர்த்துவிட்டது.

"வாயை மூடுங்க சித்தப்பா. ஏற்கெனவே இங்க கேஸ் கசியுது."

குழாய் இணைப்பில் பற்றவைப்பே இல்லை. டேப் சுற்றியிருந்தது. அதை உரித்துக் கையில் பிடித்தபடி எழுந்தாள்.

"அண்ணா, இந்தப் பெட்டியைப் பிடிச்சது யாரு?"

"நான்தான். இன்னொருத்தன் டபுளா கேட்டான். ஒரு நாளைக்குத்தானே, எதுல வெச்சா என்ன?"

"ஒரு நாள்கூடத் தாங்கல. எனக்கு வருஷக்கணக்கா தாங்கணும்."

"அதையேதான் பிடிச்சுத் தொங்குவியா?"

"பாதி விலைக்காரன்கிட்ட, முட்டை வைக்கிற டேங்க்கைக் காட்டுங்கன்னேன். 'அதெல்லாம் எதுக்கு மேடம், நாங்க பாத்துப்போம்'னான். இன்னொரு இடத்துல தொறந்தே காட்டினாங்க. உறையவைக்கிற நைட்ரஜனை யாரு ஊத்தறாங்க, கொறைஞ்சா எங்க மணி அடிக்கும், எல்லாம்."

"அப்பா செத்த வீட்ல இதைப் பேச உனக்குக் கூசல?"

"அப்பாவுக்கு வேர்க்குதுண்ணா. உனக்குக் கூசல?"

அண்ணன் அவள் கையிலிருந்த டேப்பைப் பார்த்தான். சித்தப்பா அடுத்த மானத்துக்கு வாயைத் திறந்தார், முள்ளைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

எண்ணெய் படிந்த கையோடு அவள் போனை எடுத்து, டேங்க்கைத் திறந்து காட்டிய ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டாள். "திங்கக்கிழமை வரேன். ஆமா, விலை தெரியும். இல்ல, கூட யாரும் வரல. நான் மட்டுந்தான்."

பிறகு வேனிலிருந்து சாமான்களை இறக்கி, இணைப்பைப் பற்றவைத்து, கேஸ் ஏற்றினாள். மோட்டார் உறுமியது. முகம் இருக்கும் இடத்தில் மட்டும் கண்ணாடியைப் புறங்கையால் துடைத்தாள். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே படுத்திருந்தவன் நான்தான்.