காணிக்கை மேசையில் ஒரு நடுமுள்

இல்லை, முதலில் அந்த வாங்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறகு, இந்த நிருசாவுக்குக் கோபம் அதிகம் என்று நீங்களும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

கடற்கரை ஊரான உப்புவெளியில் எங்கள் சபை சின்னது. வாசலை ஒட்டி, வெயிலும் மழைத் தூறலும் படுகிற இடத்தில் கடைசி வாங்கு, ஒரு நீண்ட மர இருக்கை, கிடக்கிறது. சபை யாரை ஒழுங்கு நடவடிக்கையில் வைக்கிறதோ அவர் அதில்தான் இருக்க வேண்டும். பாடலாம், காணிக்கை போடலாம். திருவிருந்தின் அப்பமும் இரசமும் மட்டும் கிடையாது. அப்பத் தட்டு அதற்கு முன் வாங்கோடு திரும்பிப் போய்விடும். இந்த வருடம் தொடங்கியதிலிருந்து அதில் இருந்தவன் என் அண்ணன் ஜதுசன்.

அவன் செய்ததை நான் மறைக்கவில்லை. அருள்நேசன் மாமாவின் படகில் அவனுக்கு வேலை. மாமா எங்கள் சபையின் மூப்பர், சபையை நடத்துகிற பெரியவர்களில் ஒருவர். இரத்த உறவு இல்லை, ஆனால் எல்லோருக்கும் மாமா. நிலாவெளிக்கு அப்பால் ஒரு காலையில் மீன் கூட்டத்தைக் கண்டதும் அண்ணா டைனமைட் எறிந்தான். கீழே கிண்ணியாவைச் சேர்ந்த ஸஜ்ஜாத் சங்கு குளித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. காதாலும் மூக்காலும் இரத்தம் ஒழுகிய அந்த மனிதனைக் கடலில் குதித்துத் தூக்கியவன் அண்ணா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அண்ணா. பொலிஸுக்குச் சொன்னவனும் அவன்தான். ஸஜ்ஜாத்துக்கு இடது காது போய்விட்டது. இனிக் குளியோடவே ஏலாது.

ஒன்றை மட்டும் அண்ணா சொல்லவில்லை, அந்த டைனமைட் யார் கையிலிருந்து வந்தது என்பதை. யாரோ தெரியாத ஆளிடம் வாங்கினேன் என்று முடித்துவிட்டான். கரையில் ஒவ்வொருவருக்கும் உண்மை தெரியும். ஒவ்வொருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு ஞாயிறுகளில் மாமா பிரசங்கம் செய்தார். வேதத்தில் தீர்க்கதரிசிகளின் புத்தகங்களைத் திறந்தால் அவர் கண்ணுக்குப் பிரம்பு மட்டும்தான் தெரியும். கர்த்தர் நேசிக்கிறவனை அடிப்பார், அடிபட்டவன் வாய் திறக்கக்கூடாது, இதுதான் சாரம். சொல்லிக்கொண்டே கடைசி வாங்கைப் பார்ப்பார். நான் பற்களைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

அறுப்பின் பண்டிகை வந்தது. அன்றைக்கு அண்ணாவை மறுபடியும் திருவிருந்தில் சேர்ப்பதாக மூப்பர்கள் முடிவெடுத்தார்கள். சபைக்கு முன் நின்று அவன் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் மாமாவே வந்து சொல்லிக்கொடுத்தார். முதலாளிக்குத் தெரியாமல், தன் பேராசையால், தனியாகச் செய்தேன் என்று சொல்ல வேண்டுமாம். அண்ணா அதை முற்றத்தில் நடந்து நடந்து பாடமாக்கினான். எனக்குத் தலை வெடித்தது. இது மனந்திரும்புதலா, நாடகமா என்று கத்தினேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "எனக்கு அப்பம் வேணும் நிருசா. எறிஞ்சது என்ரை கைதானே" என்றான்.

அவ்வளவு பசி அவனுக்கு. அதை வைத்துத்தான் மாமா அவனை வாங்கினார்.

பண்டிகை ஆராதனையில் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிக்கிற முறை எனக்கு. போதகர் தந்தது ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகம். வாரம் முழுக்க அதையே வாசித்தேன், பஸ்ஸில், குசினியில், சாப்பிடும்போதும். அங்கே கடவுள் பயங்கரமாகக் கோபப்படுகிறார். ஆனால் எப்படிப்பட்ட கோபம்? பிள்ளையின் கையைப் பிடித்து நடை பழக்கிய தகப்பனின் கோபம். அடிக்கிறவரே, இவனை நான் எப்படிக் கைவிடுவேன் என்று தனக்குள் புரண்டு போகிறார். கடைசியில் அவர் கேட்பது காளையையும் கடாவையும் அல்ல. சொற்களோடு என்னிடம் திரும்பி வா என்கிறார். மாமா பாடமாக்கித் தந்த சொற்களோடு அல்ல, உன்னுடைய சொற்களோடு! இதை இத்தனை வருடமாக யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்று அதற்கும் ஒரு கோபம் வந்தது.

பண்டிகைக் காலையில் சபைக் குசினியில் சமையல். ஒவ்வொரு படகுக்காரரும் தன் பிடிப்பில் சிறந்த மீனைக் காணிக்கையாகக் கொண்டுவருவதும், பெண்கள் அதை வெட்டிச் சபைக்கே மதியம் சமைப்பதும் எங்கள் வழக்கம். மாமா கொண்டுவந்தது பெரிய பாரை. வெளியே வெள்ளித் தட்டு மாதிரி மின்னியது. கனகம்மா அன்ரி அதைப் பிளந்தார். நடுமுள் துண்டு துண்டாக நொறுங்கியிருந்தது. அதை ஒட்டி இரத்தம் கறுப்பாகக் கட்டிப்போயிருந்தது. வலையில் பட்ட மீனுக்கும் தூண்டிலில் பட்ட மீனுக்கும் முள் அப்படி நொறுங்காது. டைனமைட் பட்ட மீனுக்குத்தான் நொறுங்கும். அண்ணா கடலுக்குப் போய் மாதக்கணக்காகிறது. அப்படியானால் இதை எறிந்தது யார்?

நான் கையை நீட்டிக் காட்டினேன். அன்ரி மஞ்சள் தூளை அள்ளி அதன்மேல் போட்டார். "கழுவிக் குழம்பில போட்டா ஒண்டும் தெரியாது பிள்ளை. போன வருசமும் இப்பிடித்தான்" என்றார், வெங்காயம் உரிக்கிற குரலில்.

போன வருடமும். நான் அன்றைக்கு இரண்டு தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

அந்த நடுமுள்ளை அப்படியே ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். நொண்டி ஆட்டையும் குருட்டு ஆட்டையும் பீடத்துக்குக் கொண்டுவருகிறீர்களே, இதை உன் அதிபதிக்குக் கொடுத்துப் பார், வாங்குவானா என்று மல்கியா தீர்க்கதரிசி கேட்டதும் என்னோடு வந்தது. பாடத்தை வாசித்து முடித்தேன். சொற்களோடு திரும்பு என்ற இடத்தை மட்டும் அண்ணாவைப் பார்த்து வாசித்தேன். பிறகு இறங்கிப்போய்க் காணிக்கை மேசையில் பூசணிக்காய்க்கும் வாழைக்குலைக்கும் நடுவில் துணியை விரித்தேன். இது அருள்நேசன் மாமாவின் காணிக்கை, யாராவது ஒருவர் இதன் முள்ளைப் பார்த்துவிட்டு இது வலைமீன் என்று சொல்லுங்கள் என்றேன்.

மாமா சிரித்தார்.

"சந்தையில வாங்கின மீன் பிள்ளை. மீன்ரை வயித்துக்குள்ள பாக்க எனக்கென்ன எக்ஸ்றே கண்ணே?"

முன் வாங்குகள் சிரித்தன. சொந்தப் படகு வைத்திருக்கிறவர் பண்டிகைக் காணிக்கையைச் சந்தையில் வாங்கினாராம், அதற்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அண்ணா எழும்பினான். பாடமாக்கியதைத் தொடங்கினான். முதலாளிக்குத் தெரியாமல் என்ற இடத்தில் நின்றுவிட்டான். காணிக்கை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லை. முதலாளிக்குத் தெரியும். தந்தது அவர். எறிஞ்சது நான். திண்டது நாங்கள் எல்லாரும்."

போதகர் திருவிருந்து மேசைக்குப் போய், அப்பத்தின் மேல் வெள்ளைத் துணியை இழுத்து மூடினார். "இண்டைக்கு ஒருத்தருக்கும் இல்லை. எனக்கும் இல்லை" என்றார்.

அதற்குப் பிறகுதான் சபைக்குக் கோபம் வந்தது. மாமாவில் அல்ல, என்னில். பண்டிகையைக் கெடுத்தவள், வாய்க்காரி, அண்ணனுக்குக் கிடைக்க இருந்த அப்பத்தைத் தட்டிவிட்டவள். டைனமைட் மீனைத் தின்ன முடிந்தவர்களுக்கு ஒரு முள்ளைப் பார்க்க முடியவில்லை! மாமா மனைவியையும் கூட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். கனகம்மா அன்ரி மட்டும் மஞ்சள் படிந்த கையோடு வந்து கடைசி வாங்கில் அண்ணாவுக்குப் பக்கத்தில் இருந்தார்.

இன்று பின்னேரம் அண்ணாவும் நானும் பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனோம். அவன் முன்பும் போயிருக்கிறான். ஸஜ்ஜாத்தின் உம்மா நஜ்முன் நிஸா ஒருநாளும் வாசல் படலையைத் திறந்ததில்லை. இன்றைக்கும் திறக்கவில்லை. அண்ணா வெளியே நின்றபடியே டைனமைட் தந்தவரின் பெயரைச் சொன்னான். இவ்வளவு காலமும் அதை மறைத்துவிட்டா மன்னிப்புக் கேட்டு வந்தாய் என்று அந்த உம்மா அழுதுகொண்டே ஏசினார். ஏச்சு முழுவதும் நியாயம். அண்ணா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டான்.

அப்போது ஸஜ்ஜாத் வெளியே வந்தார். அவரே படலையைத் திறந்தார். அண்ணா அவருடைய இடது பக்கத்தில் நின்று மறுபடியும் சொல்லத் தொடங்க, அவர் கையால் மறித்தார்.

"இந்தப் பக்கம் வந்து கதைங்க. அந்தக் காது கேக்காது."

அண்ணா வலது பக்கம் போய் நின்று முழுவதையும் திரும்பச் சொன்னான். பொலிஸில் இதையே சொல்வீர்களா என்று ஸஜ்ஜாத் கேட்டார். ஓம் என்றான். நாளைக் காலையில் இருவரும் ஒன்றாகப் போகிறார்கள். முதலில் பொய் சொன்னதற்கு, பிணையில் இருக்கிற அண்ணாவை உள்ளே போடவும் கூடும். அவனுக்கு அது தெரியும். இன்றைக்கு அவன் பாடமாக்கவில்லை, முற்றத்தில் நடக்கவில்லை, சோறு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

போதகர் அடுத்த ஞாயிறு மேசையைத் திறப்பாராம். ஆனால் மூப்பர்கள் இதற்குள் கூடி, பொலிஸ் விவகாரம் முடியும்வரை ஜதுசன் கடைசி வாங்கிலேயே இருக்கட்டும் என்கிறார்கள். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு, அந்த வாங்கைத் தூக்கிக்கொண்டுபோய்த் திருவிருந்து மேசைக்கு முன்னால் முதல் வாங்காகப் போட்டுவிடலாம் என்றிருக்கிறது. கனகம்மா அன்ரி ஒரு பக்கம் தூக்க வருகிறேன் என்கிறார். போடட்டுமா? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?