கடைசி வரிசைக்கு ஓர் அளவு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் கதை எழுத உட்காரவில்லை. ஒரு வார இதழின் இணைப்புக்காக, குடும்பம் வாங்குகிற ஏழு இருக்கை சொகுசு வண்டிகள் மூன்றை ஒப்பிட்டுக் கட்டுரை கேட்டார் ஆசிரியர் ஷீலா. என்னிடம் இருப்பது பன்னிரண்டு வயதான ஸ்கூட்டர். அதைச் சொன்னேன். "அதான் சார் நல்லது. எந்த கம்பெனி மேலயும் உங்களுக்குப் பாசம் இருக்காது" என்றார்.

கிண்டியில், பல கம்பெனிகளின் சொகுசு வண்டிகளை ஒரே கூரையின் கீழ் மறுவிற்பனை செய்கிற ஒரு ஷோரூமுக்குப் போனேன். அங்கே அறுபதைத் தாண்டிய ஒருவர், கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, ஒரு வண்டிக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்தார். கடைசி வரிசையில் விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்காலுக்கும் முன் சீட்டின் முதுகுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று அவர் அளந்துகொண்டிருந்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. மீதி எல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "ஏழு பேர் உட்காரலாம் என்று சொல்லும் வண்டியில் உண்மையிலேயே ஏழு பேர்" — [கட்டுரை வாடை. அடித்தாயிற்று.]

இரண்டாவது தொடக்கம்: "கத்திப்பாரா மேம்பாலத்தின் மேல் ஞாயிற்றுக்கிழமைச் சூரியன்" — [சூரியனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.]

மூன்றாவது: மெஹபூப் அலிக்கு ஏழு சீட் வேண்டும். வீட்டில் இருப்பதோ ஆறு பேர்.

இது நிற்கும் போலிருக்கிறது. ஆறு பேர் யார் என்று சொல்லிவிடுகிறேன்: அவர், மனைவி அஸ்மத்துன்னிசா, மகன் தல்ஹா, மருமகள் ரூபீனா, பேரப்பிள்ளைகள் இரண்டு. தி. நகரில் பெரிய பெண்கள் தையல் கடை. கல்யாண பிளவுஸ் என்றால் மயிலாப்பூரிலிருந்துகூட ஆள் வரும். அடுத்த மாதம் எல்லோரும் நாகூர் போகிறார்கள். அதற்குள் வண்டி வாங்க வேண்டும்.

ஏழாவது ஆள் மகள் தஹ்சீன்.

3

தஹ்சீன் ஏன் வீட்டில் இல்லை? முதல் வரைவில் அவளை ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொள்ள வைத்தேன். [சோம்பேறித்தனம். இரண்டு பக்கம் கிழித்தேன்.] அவள் கோபத்துக்கு அவள் தொழிலிலேயே காரணம் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். கிடைத்தது.

பத்தொன்பது வயதிலிருந்து அந்தக் கடையில் துணி வெட்டியது அவள். மூன்று வருஷம் முன்பு கடையைப் பெரிதாக்கியபோது அப்பா புது போர்டு மாட்டினார்: "மெஹபூப் அலி அண்ட் சன்". தஹ்சீன் அண்ணாந்து பார்த்தாள். அடுத்த மாதம் அடையாறு கஸ்தூர்பா நகரில் சொந்தக் கடை திறந்தாள். ராஜா அண்ணாமலைபுரத்தில் சின்னம்மா வீட்டோடு போய்த் தங்கிவிட்டாள். "எனக்கு எதிர்க் கடையா?" என்று அப்பா முறுக்கிக்கொண்டார். அன்றோடு பேச்சு நின்றது.*

* தல்ஹாவை முதலில் கெட்டவனாக எழுதினேன். பாவம், அவன் அந்த போர்டைக் கேட்கவே இல்லை. அவனுக்கு ஒழுங்காகக் கத்தரிக்கோல்கூடப் பிடிக்க வராது. திருத்திவிட்டேன்.

4

வண்டிகளின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் போனில் தேடப் போவீர்கள், திரும்பி வர மாட்டீர்கள். ஜெர்மன் வண்டி, ஜப்பான் வண்டி, சுவீடன் வண்டி என்றே வைத்துக்கொள்வோம்.

தல்ஹாவுக்குப் பிடித்தது ஜெர்மன் வண்டியின் ஆறு சீட் வகை. நடு வரிசையில் தனித்தனியாக இரண்டு ராஜா நாற்காலிகள்.

"நாம ஆறு பேருதானே அப்பா? எதுக்கு ஏழு?"

"உள்ள துணி வுடாம தெக்கிறவன் டெய்லராடா? நாளைக்கி பிரிக்கணும்னா இன்னா பண்ணுவே?"

பிளவுஸ் தைக்கும்போது தையலுக்கு உள்பக்கம் ஒன்றரை இஞ்ச் துணியை மடித்து விடுவார்கள். வெளியே தெரியாது. உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம். அதைத்தான் சொன்னார். தல்ஹாவுக்குப் புரிந்தது.

விற்பனைப் பெண்ணின் பெயர் சிந்து. பனோரமா கூரை, காற்று வீசும் சீட், பதினெட்டு ஸ்பீக்கர் என்று அவள் ஒப்பித்ததை எல்லாம் மெஹபூப் அலி ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். அவர் பார்த்தது அவள் உயரத்தை. ஐந்தடி நாலு. தஹ்சீன் உயரம். எப்போது வண்டியில் போனாலும் தஹ்சீன் பிள்ளைகளோடு கடைசி வரிசையில்தான் ஏறுவாள்.

"மா, கோச்சிக்காத. பின்னால ஏறி ஒரு நிமிஷம் உக்காரு."

ஜெர்மன் வண்டியில் முழங்காலுக்கு முன்னால் இரண்டு இஞ்ச். ஜப்பான் வண்டியில் மூன்றேகால், ஆனால் தரை உயரம். முழங்கால் மோவாயைத் தேடிக்கொண்டு வந்தது. சுவீடன் வண்டியின் தரைவிரிப்பு பால் நிறத்தில் இருந்தது. அழுக்காகிவிடுமே என்று சிந்து செருப்பைக் கழற்றிவிட்டு ஏறப் போனாள்.

மெஹபூப் அலி டேப்பை எடுத்த கை அப்படியே நின்றது.

"மா... உன் ஒசரம் இன்னா?"

"அஞ்சு ரெண்டு சார். ஹீல்ஸ் போட்டிருந்தேன்."

முப்பத்தெட்டு வருஷமாகக் கண்ணாலேயே அளவு சொல்லிக் கொடிகட்டிப் பறந்த மனிதர். இன்று செருப்பைப் பார்க்கத் தவறிவிட்டார். பார்க்கத் தவறினாரா, அந்தப் பெண்ணிடம் தன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாரா? இந்தக் கேள்வியை அடிக்காமல் விடுகிறேன். அவருக்கும் அதே கேள்வி வந்தது; முகம் சுண்டிப்போயிற்று.

"அவ்ளோ அளவும் வேஸ்ட்டு" என்றார்.

அதுவரை சோபாவில் உட்கார்ந்து ஓசி காபி குடித்துக்கொண்டிருந்த அஸ்மத்துன்னிசா கப்பைக் கீழே வைத்தார்.

"யாருக்கு அளவு எடுக்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதா? அந்த ஆளு கஸ்தூர்பா நகர்ல கீது. வண்டி இங்க கீது. இன்னாத்துக்கு ஊரான் வூட்டுப் பொண்ண ஏத்தி எறக்கிகினு கீறீங்க?"

மெஹபூப் அலி டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

5

இந்த இடத்தில் நான் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். அவரை எப்படிக் கிளப்புவது? கடைசியில் சிந்துதான் காப்பாற்றினாள். அவளைச் சும்மா செருப்புக்காகப் படைத்திருந்தேன். அவள் தானாகவே பேசினாள்.

"சார், டெஸ்ட் டிரைவ் ரேஸ் கோர்ஸ் வரைக்கும்தான். ஆனா..." என்று அஸ்மத்துன்னிசாவைப் பார்த்தாள். "அடையாறு டிராஃபிக்ல ஓட்டினாதான் வண்டி குணம் தெரியும். மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

சுவீடன் வண்டியைத் தல்ஹா ஓட்டினான். சிந்து பக்கத்தில். நடு வரிசையில் கணவனும் மனைவியும். கடைசி வரிசை காலி. மத்திய கைலாஷ் சிக்னலில் மெஹபூப் அலி இரண்டு முறை "திருப்புடா" என்று சொல்ல வாயைத் திறந்தார். பயம். மகள் முகத்திலடித்தாற்போல் "போங்க" என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் இந்த ஜன்மத்துக்கும் கேட்க முடியாது. அது அவருக்குத் தெரியும். சிக்னல் பச்சையானது.

6

முடிவுகள் கைவசம் இரண்டு இருந்தன.

அ: தஹ்சீன் ஓடி வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு — [ஷீலாவுக்குப் பிடிக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது.]

ஆ: ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் பூட்டு — [முகூர்த்த மாதத்தில் எந்த பிளவுஸ் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை? தப்பிக்கப் பார்க்கிறேன்.]

இரண்டையும் தூக்கிப் போட்ட பிறகு நடந்தது இது.

வண்டி கஸ்தூர்பா நகர்க் கடை முன்னால் நின்றது. தஹ்சீன் வாசலுக்கு வந்தாள். அவள் கழுத்திலும் இஞ்ச் டேப். முதலில் வண்டியைப் பார்த்தாள், பிறகு அம்மாவை, பிறகு இறங்கி நின்ற அப்பாவை. அவர் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை.

"கடைசி சீட்டுக்கு அளவு எடுக்கணும்" என்றார். "அஞ்சு நாலு ஆளு வேணும்."

"அளவு எடுக்க உங்க சன்னு இல்லியா?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தல்ஹா தலையைக் குனிந்துகொண்டான்.

"அவனுக்கு வராது."

"அது போர்டு மாட்டும்போது தெரியலியா?"

"தெரியும்மா. தெரிஞ்சேதான் தப்பு பண்ணேன்."

ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் போயிற்று. தஹ்சீன் கீழே பார்த்தாள். பிறகு செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, நடு சீட்டை மடக்கி, கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்தாள். அப்பா பக்கம் கையை நீட்டினாள். அவர் டேப்பின் ஒரு முனையைக் கொடுத்தார். அவள் அதைத் தன் முழங்காலில் வைத்தாள்; மறுமுனையை அவர் நிமிர்த்திவிட்ட நடு சீட்டின் முதுகில் வைத்தார்.

"எத்தினி?" என்று கேட்டார்.

அவள் எண்ணைப் பார்த்தாள். சொல்லவில்லை.

"வெயில்ல நின்னுகினு இருக்காதீங்க அப்பா. கதவ சாத்துங்க, ஏசி போவுது."

மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த "அப்பா".

7

ஷீலா இப்போதுதான் போன் செய்தார். "எந்த வண்டி சார் பெஸ்ட்? கடைசி வரி அனுப்புங்க, பக்கம் காத்துக்கிட்டிருக்கு."

எனக்குத் தெரியவில்லை. அளவை அவள் சொன்னால்தானே? நாகூருக்கு வருவாளா, தி. நகர் போர்டில் இன்னொரு பெயர் ஏறுமா, அதுவும் தெரியாது. அந்தத் துணியை எல்லாம் தையலுக்கு உள்ளே மடித்து விட்டிருக்கிறேன். தேவைப்படுகிறவர்கள் பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் என் கட்டுரையில் சொல்ல விட்டுப்போன விவரம் ஒன்று உண்டு. மூன்று வண்டிகளிலும் கடைசி வரிசையில் இருப்பது ஒரு சீட் இல்லை, இரண்டு. தஹ்சீனுக்குப் பக்கத்துச் சீட் இப்போது காலியாகத்தான் இருக்கிறது. மெஹபூப் அலி கதவைப் பிடித்தபடி வெயிலில் நிற்கிறார். அவருக்கு மூட்டுவலி வேறு. குனிந்து, வளைந்து, நடு சீட்டைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

கதவை வெளியிலிருந்து சாத்துவாரா, உள்ளேயிருந்தா? நீங்களே சொல்லுங்கள். சீக்கிரம், ஏசி போகிறது.